நீக்கமும் திருத்தமும்

முன்னுரை

இணையத்தின் வழியே நாள்தோறும் எண்ணிறந்த நிழற்படங்கள் மக்களிடையே பரவுகின்றன. அவற்றுட் சில, தாம் காட்டுவதாகக் கூறப்படும் நிகழ்ச்சியைக் காட்டாதவை. சில, இரண்டு படங்களை ஒட்டி ஒன்றாக்கியவை. சில, நிகழாத ஒன்றைப் புதிதாகப் புனைந்தவை. இத்தகைய படம் ஒன்றை மெய்யென நம்பிப் பிறர்க்கு அனுப்பிய ஒருவர், அது பொய்யென அறிந்தபின் செய்யத்தக்கது யாது என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருளாகும்.

இவ்வினாவிற்குப் பெரும்பாலோர் தரும் விடை, படத்தை நீக்கிவிட்டாற் போதும் என்பது. அவ்விடை போதாது என்பதும், நீக்கம் வேறு திருத்தம் வேறு என்பதும், திருத்தம் என்னும் பெயர்க்கு உரியதாக ஓர் ஒப்புகை அமைதற்குச் சில உறுப்புகள் இன்றியமையாதன என்பதும் இக்கட்டுரையில் காட்டப்பெறும்.

தமிழாய்விற்குரிய இதழில் இப்பொருள் இடம்பெறுதல் பொருந்துமோ என ஐயுறுவாரும் உளராகலாம். ஒரு சான்று எங்கிருந்து வந்தது, யார் கைப்பட்டு வந்தது, எவ்விடத்தில் திரிந்தது என வினவுதல் சுவடிப் பதிப்பின் உயிர்நிலையாகும். அவ்வினாக்களையே நிழற்படத்தின்பாலும் எழுப்புதல் வேண்டும். அன்றியும், இந்நூற்றாண்டின் வரலாற்றைப் பிற்காலத்தே எழுதப் புகுவார்க்கு இப்படங்கள் ஆவணங்களாக நிற்பன. அவற்றோடு திருத்தங்களும் சேர்ந்து நில்லாவிடின் அவ்வரலாறு வழுப்படும். ஆதலின் இவ்வாராய்ச்சி நமக்குப் புறம்பானதன்று.

படமும் குறிப்பும்

படம் தானே பேசும் என்பது உலகோர் நம்பிக்கை. உண்மையில் படம் தனித்து நின்று பேசுவது மிகச் சிறிதே. யார், எங்கே, எப்பொழுது என்பவற்றைக் கூறுவது படத்தின்கீழ் அமையும் குறிப்பேயாகும். இதனைப் புறநானூற்றைக்கொண்டு எளிதில் விளக்கலாம். அந்நூலின் பாடல் பலவற்றின் இறுதியில் திணையும் துறையும், பாடினார் பெயரும் பாடப்பட்டார் பெயரும் குறிக்கப்பட்டுள்ளன. அக்குறிப்பைக்கொண்டே அரசர் வரலாற்றை நாம் துணிகின்றோம். பாடல் மெய்ப்பாடலாகவே இருக்க, ஒரு பாட்டின் குறிப்பை மற்றொரு பாட்டின்கீழ் எழுதிவிட்டால் விளைவது யாது? பாட்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை. எனினும் வரலாறு முழுதும் மாறிவிடுகின்றது.

இவ்வாறு பிறழ வைக்கும் படங்களை மூவகையாகப் பகுக்கலாம். மெய்ப்படத்திற்குப் பொய்க்குறிப்பு அமைவது முதல் வகை. இதனை இடமாற்று எனலாம். மெய்ப்படத்தின் ஒரு பகுதியை வெட்டியோ மற்றொன்றன் பகுதியை ஒட்டியோ அமைப்பது இரண்டாம் வகை, இஃது ஒட்டு. முழுவதும் புனைந்து அமைப்பது மூன்றாம் வகை, இது புனைவு. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பெருகிய இந்நாளில் மூன்றாம் வகையே அச்சத்தை விளைக்கின்றது. 2023 மே 22-ஆம் நாள், அமெரிக்கப் படைத்துறைத் தலைமையகமாகிய பென்டகனுக்கு அருகே வெடிப்பு நேர்ந்ததாக ஒரு புனைபடம் பரவியபோது, பங்குச் சந்தையே சிறிது நேரம் சரிந்தது. அவ்வாறு எதுவும் நிகழவில்லை என ஆர்லிங்டன் தீயணைப்புத் துறையினர் அறிவித்தனர். ஆயினும் முதல் வகைக்கு எக்கருவியும் வேண்டா. பழைய படம் ஒன்றும் புதிய குறிப்பு ஒன்றும் போதும். படத்தில் யாதொரு திரிபும் இன்மையின், அதனைத் தொழில்நுட்பத்தால் ஆராய்வாரும் குற்றம் காண இயலாது. அதன் பிறப்பிடத்தைத் தேடிக் காண்பதே வழி.

பகிர்வோர் பொறுப்பு

படத்தைப் புனைந்தவர் ஒருவர். அதனை அனுப்பியவர் மற்றொருவர். புனைந்தவருக்கே குற்றம் உரியது, அனுப்பியவர் வெறும் வாயில் என்பார் உளர். இக்கூற்று ஆராய்தற்குரியது.

2018-ஆம் ஆண்டில் பிள்ளை பிடிப்போர் நடமாடுகின்றனர் என்னும் வதந்தி வாட்ஸ்அப் வழியாக இந்தியாவின் பல பகுதிகளிற் பரவியது. அதற்குச் சான்றாகக் காட்டப்பட்டவற்றுள் ஒன்று, இரு சக்கர வண்டியில் வந்தோர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிச் செல்லும் காட்சி. அது பாகிஸ்தானின் கராச்சி நகரில் குழந்தைப் பாதுகாப்பை வலியுறுத்தி எடுக்கப்பட்ட விளம்பரப் படத்தின் பகுதியாகும். சிறுவனைத் திருப்பிக் கொணர்ந்து விட்டு, அறிவுரைப் பலகையைக் காட்டும் இறுதிப் பகுதி வெட்டப்பட்டிருந்தது. மற்றொன்று, வரிசையாகக் கிடத்தப்பட்ட குழந்தைகளின் உடல்களைக் காட்டும் படம். அது சிரியா நாட்டில் நச்சுவாயுவால் மடிந்தோரின் பழைய படம். இவ்வதந்தி பரவிய நாட்களில், 2018 மே மாதத்தில், திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயில் வழிபாட்டிற்காகச் சென்ற மூதாட்டி ஒருவர், சிறுவர்க்கு இனிப்பு வழங்கியது கண்டு ஐயுற்ற கூட்டத்தாரால் அடித்துக் கொல்லப்பட்டார். அவ்வாண்டில் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு வரம்பு வகுத்தது.

இவ்வதந்தியைப் பரப்பினோருட் பெரும்பாலோர் தீய எண்ணம் உடையவரல்லர். தம் அயலார் பிள்ளைகளைக் காத்தற்கென்றே அனுப்பினர். ஆயினும் ஒருவர் அனுப்பும் படத்தைப் பெறுவோர், அனுப்பினவர் மேல் வைத்த நம்பிக்கையாலேயே அதனை ஏற்கின்றனர். அந்நம்பிக்கையைப் படத்திற்கு அளித்தவர் அனுப்பியவரே. ஆதலின் பகிர்தலும் ஒருவகைக் கூறலேயாகும்.

சிலப்பதிகாரத்து வழக்குரை காதையை இங்கு நினைவு கூர்தல் பொருத்தமாகும். பாண்டியன் பொய்யைப் புனைந்தவன் அல்லன், புனைந்தவன் பொற்கொல்லன். தோற்றத்தால் ஒத்த சிலம்பு ஒன்றே சான்றாக நின்றது. அரசியின் சிலம்பில் இருந்தவை முத்துக்கள், கண்ணகியின் சிலம்பில் இருந்தவை மாணிக்கங்கள் என்பது, புறத்தோற்றத்தை விடுத்து உள்ளீட்டை ஆராய்ந்தபின்னரே விளங்கிற்று. விளங்கியவுடன் பாண்டியன் செய்தது யாது? கொல்லன் ஏமாற்றினான் எனக் கூறித் தன்னை விடுவித்துக்கொள்ளவில்லை. கொல்லன் சொல்லை ஆராயாது ஏற்றதே தன் குற்றம் எனக் கொண்டான். தீர்ப்பளித்த தலைமைக்குரிய இடத்திலேயே, வழக்குரைத்தவள் முன்னிலையிலேயே அதனை ஒப்பினான். பிறன் புனைந்த பொய்யைத் தன் வாயிலாகச் செல்லவிட்டவன் ஏற்கவேண்டிய பொறுப்பின் எல்லையை இக்காதை தெளிவாக வரையறுக்கின்றது என யாம் கருதுகின்றோம்.

நீக்கம் திருத்தம் ஆகாமை

இனி, நீக்கம் ஏன் போதாது என்பதை நோக்குவோம்.

அச்சு நூல்களின் முதலிலோ இறுதியிலோ பிழைதிருத்தம் என ஒரு பட்டியல் அமைவதை நாம் அறிவோம். பக்கம், வரி, பிழை, திருத்தம் என நான்கு கூறுகளாக அது பெரும்பாலும் அமையும். பிழையை மறைத்துத் திருத்தத்தை மட்டும் அப்பட்டியல் கூறுவதில்லை. பிழை எவ்வடிவில் அச்சேறியதோ அவ்வடிவிலேயே அதனை மீண்டும் எழுதி, அதன் அருகே திருத்தத்தை வைக்கின்றது. முன்னரே நூலைப் பயின்றவர் தாம் பயின்றது எவ்வாறு தவறு என அறிதற்கு இதுவே வழி. மேலும் அப்பட்டியல் நூலோடு ஒருங்கே செல்கின்றது. நூல் சென்ற இடமெல்லாம் திருத்தமும் செல்கின்றது.

இணையத்தில் படத்தை நீக்குவோர் இவ்விரண்டையும் செய்வதில்லை. மூலப்படி மறைகின்றது, ஆயின் அதனைக் கண்டோர் உள்ளத்தினின்றும், பிறர் எடுத்து வைத்த படிகளினின்றும் அது மறைவதில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை அனைவரிடமிருந்தும் நீக்கினும், அதற்குமுன் பிறர் வேறிடங்கட்கு அனுப்பிய படிகள் அவ்வாறே நிலவுகின்றன. ஏடெழுதுவோன் ஒருவன் செய்த பிழை, அவ்வேட்டைப் பார்த்து எழுதிய ஏடுகளிலெல்லாம் தொடர்ந்து வருவது போன்றதே இது. தாயேட்டை அழித்தால் சேயேடுகள் திருந்துவதில்லை. மாறாக, பிழையின் பிறப்பிடத்தைக் காணும் வழியே அடைபட்டுப் போகின்றது.

பொய் பரவும் விரைவையும் இங்குக் கருதவேண்டும். 2018-இல் சயன்ஸ் இதழில் வெளிவந்த ஓர் ஆய்வில், வொசூகி, ராய், ஆரல் என்னும் மூவர், 2006 முதல் 2017 வரை ட்விட்டரிற் பரவிய ஏறத்தாழ 1,26,000 செய்திகளை ஆராய்ந்தனர். 1,500 பேரை அடைதற்கு, பொய்ச்செய்தி எடுத்துக்கொண்ட காலத்தைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு காலம் மெய்ச்செய்திக்கு வேண்டியிருந்தது என அவர்கள் கண்டனர். பொய் சென்ற வழியில் திருத்தம் தானாகச் செல்லாது என்பது இதனாற் பெறப்படும்.

திருத்தத்தின் உள்ளீடு எவ்வாறு அமையவேண்டும் என்பதற்கு உளவியலார் ஆராய்ச்சி ஒன்று துணைபுரிகின்றது. 1994-இல் ஜான்சன், சைபர்ட் என்னும் இருவர், ஒரு கிடங்கில் நேர்ந்த தீயைப் பற்றிய செய்திகளைச் சிலரைப் படிக்கச் செய்தனர். சிற்றறை ஒன்றில் வண்ணப்பூச்சுகளும் வாயுக் கலங்களும் இருந்தன என முதலிற் கூறி, பின்னர் அவ்வறை வெறுமையாக இருந்தது எனத் திருத்தினர். திருத்தத்தைப் படித்து நினைவில் வைத்திருந்தோருங்கூட, தீயின் காரணத்தைக் கூறும்போது அப்பொருள்களையே சுட்டினர். தீக்கு வேறொரு காரணத்தையும் உடன் அறிவித்தபோதுதான் முதற்செய்தியின் பிடி தளர்ந்தது. ஆதலின் ஒன்றனை அன்று எனக் கூறுதல் போதாது. ஆவது யாது எனவும் கூறவேண்டும். இப்படம் தவறு எனக் கூறுவதோடு நில்லாது, இப்படம் இன்ன நாட்டில் இன்ன ஆண்டில் எடுக்கப்பட்டது எனக் கூறுவதே உள்ளத்தில் பதிந்த பொய்யைப் பெயர்க்க வல்லது.

ஒப்புகைகள் சில

மேற்கூறியவற்றை அளவைகளாகக் கொண்டு, அண்மைக் காலத்து ஒப்புகைகள் சிலவற்றை ஆராய்வோம்.

முதலாவது, 2003-இல் நிகழ்ந்தது. இராக்குப் போரின்போது பாஸ்ரா நகரின் அருகே, பிரிட்டிஷ் வீரர் ஒருவர் பொதுமக்களை நோக்கிக் கையசைக்கும் படத்தை லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் நாளிதழ் மார்ச்சு 31-ஆம் நாள் முதற்பக்கத்தில் வெளியிட்டது. பின்னணியிற் சிலர் இருமுறை தோன்றுவதை, அப்படத்தை வெளியிட்ட மற்றொரு நாளிதழின் பணியாளர் ஒருவர் கண்டார். சில நொடி இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை இணைத்து ஒன்றாக்கியதைப் படம் எடுத்தவர் ஒப்புக்கொண்டார், பணியினின்றும் நீக்கப்பட்டார். ஏப்ரல் 2-ஆம் நாள் அந்நாளிதழ் ஆசிரியர் குறிப்பு ஒன்றை வெளியிட்டது. மூலப்படங்கள் இரண்டையும் ஒட்டுப்படத்தையும் அக்குறிப்புடன் அச்சிட்டமை போற்றத்தக்கது. பிழையையும் திருத்தத்தையும் அருகருகே வைத்துப் படிப்போரே ஒப்புநோக்குமாறு செய்த இவ்வொப்புகை, பிழைதிருத்தப் பட்டியலின் இலக்கணத்தை முற்றும் தழுவியதாகும்.

இரண்டாவது, பி.பி.சி. நிறுவனத்தின் செய்தித்தளத்தில் 2012 மே 27-ஆம் நாள் நிகழ்ந்தது. சிரியாவின் ஹூலா என்னும் பகுதியில் நூற்றுவர்க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்ட செய்தியோடு, வெண்துணி சுற்றிய உடல்களின் வரிசைகளையும், அவற்றின்மேல் தாவிச் செல்லும் சிறுவனையும் காட்டும் படம் வெளியாயிற்று. அஃது இராக்கில் அல் முசய்யிப் என்னுமிடத்தில் 2003-இல் எடுக்கப்பட்டது. அதனை எடுத்த இத்தாலிய நிழற்படக் கலைஞர் மார்கோ டி லாரோ தம் படம் அதுவெனக் கண்டுரைத்தார். படத்தின் உண்மை உறுதி செய்யப்படவில்லை என்னும் குறிப்புடனேயே அது வெளியிடப்பட்டிருந்தது. பிழை தெரிந்தவுடன் நீக்கப்பட்டது. பிழை நேர்ந்த வகையும் பின்னர் விளக்கப்பட்டது. இங்கு நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. உறுதி செய்யப்படவில்லை என்னும் குறிப்பு, சான்றைத் தேடும் கடமையினின்றும் எவரையும் விடுவிப்பதில்லை. ஐயத்தைச் சிற்றெழுத்திலும் படத்தைப் பேருருவிலும் காட்டினால், படிப்போர் மனத்திற் பதிவது படமே.

மூன்றாவது, தமிழ்நாட்டொடு நேர்த்தொடர்புடையது. 2015 டிசம்பர் 3-ஆம் நாள் இந்தியப் பிரதமர் வெள்ளத்தால் சூழப்பட்ட சென்னையை வானூர்தியிலிருந்து பார்வையிட்டார். அதுபற்றி மைய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் ஏழு படங்களை வெளியிட்டது. அவற்றுள் ஒன்றில், வானூர்திப் பலகணியின் வழியே தெரியும் காட்சிக்கு மாற்றாக, வெள்ளத்தில் நிற்கும் கட்டடங்களின் தெளிந்த படம் ஒட்டப்பட்டிருந்தது. இணையத்தில் இது சுட்டிக்காட்டப்பட்டபின் அப்படம் நீக்கப்பட்டது. இரண்டு படங்களை இணைத்தமையும், அதனை வெளியிட்டது முடிவெடுத்தலில் நேர்ந்த பிழை என்பதும் ஒப்பப்பட்டு, வருத்தம் தெரிவிக்கும் அறிக்கையும் வெளிவந்தது. நிகழ்ச்சி மெய், வெள்ளமும் மெய், பார்வையிட்டதும் மெய். மெய்யைத் தெளிவாகக் காட்ட விழைந்து செய்த ஒட்டு, அம்மெய்யையே நகைப்பிற்கு இடமாக்கியது. வெறும் நீக்கத்தோடு நில்லாது, செய்தது இன்னது எனப் பெயர்குறித்து அறிவித்தமை இவ்வொப்புகையின் சிறப்பு.

நான்காவது, மியன்மாப் படைத்துறையினர் 2018-இல் ரோஹிங்கியா மக்களைப் பற்றி வெளியிட்ட நூலில் நேர்ந்தது. அந்நூலிற் கண்ட படங்களுள் மூன்றன் குறிப்புகள் பொய்யானவை என ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் ஆகஸ்டு இறுதியில் வெளிப்படுத்தியது. 1940-களில் ரோஹிங்கியர் செய்த கொலை எனக் காட்டப்பட்ட படம், 1971-இல் வங்காளதேச விடுதலைப் போரின்போது டாக்காவில் எடுக்கப்பட்டது. வங்காளத்திலிருந்து மியன்மாவுக்குள் புகும் கூட்டம் எனக் காட்டப்பட்டது, 1996-இல் தான்சானியாவில் நடந்து சென்ற ருவாண்டா நாட்டு அகதிகளின் வண்ணப்படம். பழமைத் தோற்றம் அமையக் கருப்பு வெள்ளையாக மாற்றப்பட்டிருந்தது. செப்டம்பர் 3-ஆம் நாள் படைத்துறையின் நாளிதழ் இரண்டு படங்கள் தவறாக அச்சிடப்பட்டன என ஒப்பி, படிப்போரிடமும் படங்களுக்கு உரியவரிடமும் மன்னிப்பு வேண்டியது. மன்னிப்புப் பெற்றோர் யாவர் என நோக்குக. படம் எடுத்தவர் பெற்றனர், படித்தவர் பெற்றனர். எம்மக்கள்மேல் அப்படங்களால் கொலைப்பழி சுமத்தப்பட்டதோ, அம்மக்களுக்கு அம்மன்னிப்பில் இடமில்லை. அச்சுப்பிழைபோல் இதனைக் கூறியமையால், பழி அவ்வாறே நின்றுவிட்டது.

ஐந்தாவது, 2024 மார்ச்சு 10-ஆம் நாள் பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் கென்சிங்டன் அரண்மனை வெளியிட்ட குடும்பப் படம். திருத்தப்பட்டமைக்கு அடையாளம் கண்ட பன்னாட்டுச் செய்தி நிறுவனங்கள் பல அன்றே அதனைத் திரும்பப் பெற்றன. மறுநாள் வேல்ஸ் இளவரசியார் தாமே படத்தைத் திருத்திப் பார்த்ததாகக் கூறி மன்னிப்பு வேண்டினார். ஒப்புகை விரைந்து வந்தது. ஒப்பியவரும் தம் செயலென ஏற்றார். ஆயின் திருத்தப்படாத மூலப்படம் வெளியிடப்படவில்லை. மூலம் காட்டப்பெறாமையின், மாற்றம் எந்த அளவினது என்னும் ஐயம் நீங்காது நின்று, பின்வந்த ஊகங்களுக்கும் இடந்தந்தது.

காலந்தாழ்த்தலின் விளைவு

ஒப்புகை காலந்தாழ்த்த நேர்வது யாது என்பதற்கு இணையத்திற்கு முற்பட்ட நிகழ்ச்சி ஒன்று சிறந்த எடுத்துக்காட்டாகும். 1917-இல் இங்கிலாந்தின் பிராட்போர்டு நகருக்கு அருகிலுள்ள காட்டிங்லி என்னும் சிற்றூரில், எல்சி ரைட், பிரான்சஸ் கிரிபித்ஸ் என்னும் உறவினரான சிறுமியர் இருவர், தம் அருகே சிறகுடைய வனதேவதைகள் ஆடுவதாகக் காட்டும் படங்களை எடுத்தனர். ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளின் ஆசிரியராகிய ஆர்தர் கோனன் டாயில் அவற்றை மெய்யென நம்பி, 1920 டிசம்பரில் ஸ்டிராண்டு இதழில் வெளியிட்டார். 1922-இல் அதுபற்றி நூலும் எழுதினார். படங்களை ஆராய்ந்த கோடாக் நிறுவனத்தார் அவை மெய்யெனச் சான்று தர மறுத்தமையும் அவரைத் தடுக்கவில்லை.

அவ்வுருவங்கள் அட்டையில் வரைந்து வெட்டிய சித்திரங்கள் என்றும், தொப்பி ஊசிகளால் அவற்றை நிறுத்தியதாகவும் அவ்விருவரும் 1983-இல் ஒப்பினர். சித்திரங்களுக்கு மூலம், இளவரசி மேரியின் பெயரால் வெளிவந்த பரிசுநூல் ஒன்று. அதே நூலில் டாயிலின் கதையும் ஒன்று இடம்பெற்றிருந்தது என்பது வியப்பிற்குரியது. மூலம் அவர் கைக்கெட்டும் இடத்திலேயே இருந்தது. ஒப்புநோக்கும் முயற்சிதான் இல்லை.

இவ்வொப்புகைக்கு அறுபத்தாறு ஆண்டுகள் கழிந்தன. டாயில் 1930-இலேயே மறைந்தார். அறியாது நம்பியவராகவே மறைந்தார். அத்துணைப் பெரிய எழுத்தாளர் நம்பியபின் உண்மையைக் கூற நாணினோம் என அவர்கள் பிற்காலத்திற் கூறினர். தொடக்கத்தில் ஒரு சொல்லால் முடிந்திருக்கவேண்டிய ஒப்புகை, நம்புவோர் தொகை பெருகப் பெருக அரிதாயிற்று. பிழையை ஒப்புதற்கு மிக எளிய நாள், அது பிழையெனத் தெரிந்த முதல் நாளே. ஒவ்வொரு நாளும் கழிய, ஒப்பவேண்டுவதும் ஒன்றாயிராது இரண்டாகின்றது: முதற்பிழை ஒன்று, அதனை மறைத்த பிழை மற்றொன்று.

அமைதி கூறுவார் கூற்று

இலக்கண நூலார் வழா நிலை, வழு, வழுவமைதி என மூன்று கூறுவர். காரணம் காட்டி வழுவை அமைத்துக்கொள்ளுதல் வழுவமைதி. ஆயின், அமைப்பதற்கு முன்னர் அது வழுவே என ஏற்றல் வேண்டும் என்பதை நாம் மறத்தலாகாது. பொய்ப்படத்தைப் பகிர்ந்தோர் கூறும் அமைதிகள் பலவும், வழுவை ஏலாமலேயே அமைதி தேடுவன.

படம் வேறாயினும் துன்பம் மெய்யன்றோ என்பது அவற்றுள் முதலாவது. துன்பம் மெய்யாயின், அதற்கு மெய்ச்சான்றே வேண்டும். ஹூலாவில் மடிந்தோர் மெய்யாகவே மடிந்தனர். அவர்தம் சாவுக்கு வேறு நாட்டினர் உடல்களைச் சான்று காட்டினால், அச்சாவையே மறுக்க விழைவார்க்குப் படைக்கலம் கொடுத்தவராவோம். அல் முசய்யிப் படத்தில் காணப்பட்டோர்க்கும் அவர்தம் வரலாற்றைக் களவாடியவராவோம்.

வேண்டுமென்று செய்யவில்லை என்பது இரண்டாவது. இது மெய்யாகவே பெரும்பாலும் இருக்கலாம். எண்ணம் தூயதாயின் பழி குறையும். ஆயின் படத்தைக் கண்டோர் மனத்திற் பதிந்த பொய் அதனாற் குறையாது. ஆதலின் எண்ணத்தைக் கூறுதல் திருத்தத்தின் ஓர் உறுப்பாகலாமேயன்றித் திருத்தமாகாது.

ஒப்பினால் மதிப்புக் கெடும் என்பது மூன்றாவது; பெரும்பாலும் வாய்விட்டுக் கூறப்படாதது. பதிப்பாசிரியர் வரலாறு இதற்கு மறுமொழியாகும். 1887-இல் சீவக சிந்தாமணியை வெளியிட்ட உ. வே. சாமிநாதையர், அதன் பிற்பதிப்புகளில் மேலும் சுவடிகளை ஒப்புநோக்கித் திருத்தங்கள் செய்தார். அத்திருத்தங்களால் அவர்தம் பதிப்பின்மேல் நம்பிக்கை வளர்ந்ததேயன்றிக் குன்றவில்லை.

ஒப்புகையின் உறுப்புகள்

இதுகாறும் ஆராய்ந்தவற்றால், நிறைவுடைய ஒப்புகைக்கு வேண்டும் உறுப்புகள் ஆறு எனத் துணியலாம்.

1. பிழை சுட்டல்: எந்தப் படம், எந்த நாளில், எந்தக் குறிப்புடன் பகிரப்பட்டது என ஐயத்திற்கு இடமின்றிக் கூறுதல். தவறு நேர்ந்திருப்பின் வருந்துகிறோம் என நிபந்தனையிட்டுக் கூறுவது பிழை சுட்டல் ஆகாது. பொய்ப்படத்தையே மீண்டும் காட்டவேண்டின், அதன்மேல் தவறு எனப் பொறித்துக் காட்டுக. இல்லையேல் திருத்தமே புதிய பரப்பலாய் முடியும்.

2. மூலம் காட்டல்: அப்படம் மெய்யாக எங்கே, எப்பொழுது எடுக்கப்பட்டது என்பதையும், கூடுமாயின் மூலப்படத்தையும் காட்டுதல்.

3. வழி கூறல்: பிழை எவ்வாறு நேர்ந்தது என விளக்குதல். யாரிடமிருந்து பெற்றது, எந்த ஆராய்ச்சி செய்யாது விடப்பட்டது என்பன இதனுள் அடங்கும். பிறரைப் பழித்தல் இதன் நோக்கமன்று.

4. இடம் ஒத்தல்: பொய் சென்ற இடத்திற்கே திருத்தமும் செல்லுதல். ஒரு குழுவில் அனுப்பிய படத்திற்கு அக்குழுவிலேயே திருத்தம் வரவேண்டும். முதற்பக்கத்தில் வந்ததற்கு உட்பக்க மூலை போதாது.

5. உரியார்க்கு உரைத்தல்: அப்படத்தாற் பழிக்கப்பட்டோர் உளராயின், அவர்களைக் குறித்து மன்னிப்பு வேண்டுதல். மியன்மா நிகழ்ச்சியில் இல்லாதிருந்த உறுப்பு இதுவே.

6. பின்னாராய்தல்: ஒரு பிழை தெரிந்தபின், அதே வழியாக வந்த பிறவற்றையும் மீள ஆராய்தல். 2006 ஆகஸ்டில் பெய்ரூட் நகரின் மேல் எழுந்த புகையை மிகுத்துக் காட்டிய படம் ஒன்று வெளிப்பட்டபோது, ராய்ட்டர்ஸ் நிறுவனம் அதனோடு நில்லாது ஆராய்ந்து மற்றொரு திரிபையும் கண்டது. அப்படக்காரரின் 920 படங்களையும் தன் விற்பனைத் தொகுப்பினின்றும் நீக்கியது. இங்கு நீக்கமும் நிகழ்ந்தது. ஆயின் அது வெளிப்படையாக அறிவிக்கப்பட்ட நீக்கம்.

இவ்வாறும் பெருநிறுவனங்களுக்கே உரியன எனக் கருதற்க. தனியொருவர் தம் உறவினர் குழுவில் எழுதும் மூன்று வரிகளில் இவ்வாறும் அடங்கும். நேற்று யான் அனுப்பிய படம் இவ்வூரினது அன்று. இன்ன நாட்டில் இன்ன ஆண்டில் எடுக்கப்பட்டது. ஆராயாது அனுப்பினேன், இதனால் ஐயுறப்பட்டோர் பொறுத்தருள்க. இதனை மேலும் அனுப்பியோர் அவ்விடங்களிலும் இத்திருத்தத்தை அனுப்புக. யான் முன்னர் அனுப்பியவற்றையும் மீளப் பார்த்து வருகின்றேன் எனக் கூறினால் ஒப்புகை நிறைவுறும்.

முடிவுரை

நீக்கம் பிழையை மறைப்பது. திருத்தம் பிழையை விளக்குவது. நீக்கம் செய்தவர்க்கு அமைதியைத் தரலாம். கண்டவர்க்கு உண்மையைத் தருவது திருத்தமே. படத்தைப் புனையும் கருவிகள் பெருகப் பெருக, பொய்யை முன்னரே தடுத்தல் மேலும் அரிதாகும். எத்துணை விழிப்புடையோரும் ஒருமுறையேனும் ஏமாறுதல் கூடும். ஆதலின் ஒருவர் சொல்லின் நம்பத்தகுதியை இனி அளப்பதற்கு, அவர் பிழைபடாமை ஒன்றே அளவையாகாது. பிழைபட்டபின் அவர் செய்தது யாது என்பதும் அளவையாதல் வேண்டும்.

இத்துறையில் தமிழாய்வாளர் செய்யத்தக்க பணியும் ஒன்றுண்டு. தமிழில் இணையவழிப் பரவும் படங்களையும், அவற்றின் குறிப்புகள் கைமாறுந்தோறும் திரிந்த வகையையும், அவற்றிற்கு வெளிவந்த திருத்தங்களையும் பாடவேறுபாடு காட்டும் முறையிலே தொகுத்தல் வேண்டும். முதுகலை மாணவர் சிலரேனும் இதனை மேற்கொள்வராயின், பிற்கால வரலாற்றாசிரியர்க்கு நம்பத்தக்க ஒரு பிழைதிருத்தப் பட்டியலை இத்தலைமுறை விட்டுச் சென்றதாகும்.